வீட்டு அறையில் கிற்றாரை ஸ்டீரியோவில் பதிவுசெய்தல்: கட்டுப்படியாகும் ஒலிவாங்கிச் சோடி ஒன்றைத் தேர்ந்தெடுக்க முழுமையான வழிகாட்டி

‘எந்த மைக் வாங்கலாம்?’ என்று கேட்பவரிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றைத்தான்: அவற்றைக் கிற்றாருக்கு முன்னால் எப்படி நிறுத்திவைக்கப்போகிறீர்கள்? ஸ்டீரியோவுக்கு இரண்டு ஒலிவாங்கிகள் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் எந்த வகை, என்ன விலை, ஒத்த சோடியாக (ஒரே போல ஒலிக்குமாறு தேர்ந்து சேர்த்த இரண்டாக) வாங்க வேண்டுமா, தனித்தனியாக வாங்கினால் போதுமா என்பவற்றையெல்லாம் தீர்மானிப்பது நிறுத்தும் முறைதான். முதலில் மைக்கை வாங்கிவிட்டுப் பிறகு முறையைத் தேடுபவர்கள் பெரும்பாலும் இரண்டாவது தடவையும் கடைக்குப் போகிறார்கள்.

யாழ்ப்பாணத்தில் ஒரு சாதாரண வீட்டு அறை, ஒரு மடிக்கணினி, ஓர் அக்கூஸ்டிக் கிற்றார் ஆகியவற்றை வைத்திருப்பவருக்காக இதை எழுதுகிறேன். நைலோன் கம்பியோ உருக்குக் கம்பியோ, முறை ஒன்றுதான்.

முதலில்: உங்களுக்கு ஸ்டீரியோ தேவையா?

பாட்டுக்குத் துணையாக வாசிக்கும் கிற்றாருக்குப் பெரும்பாலும் தேவையில்லை. தேவாலயப் பாடகர் குழுவின் பாடலோ ஈழத்துப் பொப் பாணிப் பாடலோ, குரலும் கீபோர்டும் தாளமும் ஏற்கெனவே இடத்தை நிரப்பியிருக்கும்போது கிற்றார் இரு பக்கமும் விரிந்து கிடந்தால் குரலுக்குத்தான் இடைஞ்சல். அங்கே ஒரே ஒரு நல்ல ஒலிவாங்கி போதும். இரண்டு மலிவான மைக்குகளுக்கு வைத்திருந்த பணத்தில் தரமான ஒன்றை வாங்கலாம்.

விரலால் மீட்டும் தனி வாசிப்பு, கிற்றாரும் ஒரு குரலும் மட்டுமே உள்ள பாடல், நீண்ட முன்னிசை ஆகியவற்றுக்கு ஸ்டீரியோ உயிர் கொடுக்கும். உங்கள் வேலை இந்த வகை என்றால் தொடர்ந்து படியுங்கள்.

அறையும் நேரமும்

மெல்லொலியையும் பிடிக்கும் கண்டென்சர் வகை ஒலிவாங்கி எதையும் விட்டுவைக்காது. முற்றத்துக் காகம், பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டார், ஒழுங்கையில் திரும்பும் ஓட்டோ, திருவிழாக் காலத்து ஒலிபெருக்கி எல்லாமே பதிவில் வந்து உட்காரும். நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களும் கோயிலைச் சுற்றியுள்ள வீடுகளில் பகல் பதிவை மறந்துவிடலாம். இரவு பிந்திய வேளைதான் பெரும்பாலானோருக்குக் கிடைக்கும் அமைதி. மாரி காலத்தில் அதற்கும் தவளைகள் போட்டிக்கு வரும்.

மின்விசிறியை நிறுத்தியே ஆக வேண்டும். வியர்க்கும், கம்பிகளின் சுருதியும் இளகும். ஆகவே சிறு சிறு பகுதிகளாக வாசித்து, ஒவ்வொன்றுக்கும் முன் சுருதி பாருங்கள்.

அடுத்தது எதிரொலி. சீமெந்துச் சுவரும் தரை ஓடும் தட்டைக் கூரையும் கொண்ட புது வீட்டு அறையில் ஒருமுறை கையைத் தட்டிப் பாருங்கள். தகரத்தில் அடித்தது போன்ற கிணுகிணுப்புக் கேட்டால், எவ்வளவு விலையுயர்ந்த மைக்கும் அதைத்தான் பதியும். பலர் மைக்குக்குப் பின்னால் மெத்தையை நிறுத்துகிறார்கள். அது அதிகம் உதவாது, ஏனென்றால் நாம் பயன்படுத்தும் கார்டியாயிட் வகை ஒலிவாங்கி முன்பக்கத்து ஒலியையே கூடுதலாக வாங்கும். அது பார்த்துக்கொண்டிருப்பது உங்களையும் உங்களுக்குப் பின்னால் உள்ள சுவரையும். மெத்தை, தடித்த போர்வை, உடுப்பு நிறைந்த திறந்த அலுமாரி ஆகியவற்றை வாசிப்பவரின் முதுகுப் பக்கத்திலும் பக்கவாட்டிலும் வையுங்கள். காலடியில் பாய் ஒன்றை விரியுங்கள். அறையின் சரி நடுவிலோ சுவரோடு ஒட்டியோ அமராதீர்கள்.

பழைய ஓட்டு வீட்டு விறாந்தையோ நாற்சார் வீட்டு உள்முற்றத்தை அடுத்த அறையோ கிடைத்தால் நீங்கள் கொடுத்து வைத்தவர். உயர்ந்த சரிவுக் கூரை ஒலியை அழகாகச் சிதறடிக்கும். வெளிச்சத்தம் உள்ளே வருவதுதான் அதன் விலை.

எத்தனை உள்ளீடு இருக்கிறது?

இந்தப் படியைத் தாண்டிப் போய் ஏமாந்தவர்கள் அதிகம். ஸ்டீரியோவுக்கு, மைக் முன்பெருக்கி (மைக்கின் மெல்லிய சைகையைப் பெருக்கும் பகுதி) இரண்டு உள்ள ஆடியோ இன்டர்பேஸ், அதாவது மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி, தேவை. போகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோவிலும் பெரிங்கர் யு.எம்.2-இலும் உள்ளீட்டுக்கு இரண்டு துளைகள் தெரியும். ஆனால் மைக்குக்கானது ஒன்றுதான், மற்றது கிற்றார் கேபிளுக்கானது. ஸ்கார்லெட் 2ஐ2, பெரிங்கர் யு.எம்.சி.202எச்.டி., மோட்டு எம்2 ஆகியவற்றில் மைக் உள்ளீடு இரண்டு உண்டு. மைக் கேபிள் வழியாகவே மைக்குக்குச் செல்லும் 48 வோல்ட் பேன்டம் மின்சாரமும் இருக்க வேண்டும், அது இல்லாமல் கண்டென்சர் வேலை செய்யாது.

யு.எஸ்.பி. மைக் இரண்டை வாங்கி ஒரே கணினியில் செருகலாமே என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொன்றுக்குள்ளும் தனித்தனிக் கடிகாரம் ஓடுகிறது. நேரம் போகப் போக இரண்டு பதிவுகளும் ஒன்றையொன்று விட்டு நகரும், ஸ்டீரியோவுக்கு அந்தச் சிறு நகர்வே போதும் குழப்ப.

இன்டர்பேஸ், மைக், கேபிள், தாங்கி என்று இத்தனையையும் வாங்கப் பணம் இல்லை என்றால், கைப்பதிவுக் கருவி ஒன்று நேர்மையான மாற்று. ஸூம் எச்1என் போன்றவற்றில் 90 பாகையில் குறுக்காக நிறுத்திய சோடி ஒலிவாங்கி உள்ளேயே இருக்கிறது. மடிக்கணினியின் விசிறிச் சத்தமும் இல்லை. எச்4என் புரோ, எச்5 ஆகியவற்றில் வெளி ஒலிவாங்கிகளைச் செருக இரண்டு எக்ஸ்.எல்.ஆர். (மூன்று முனை மைக் செருகி) உள்ளீடுகளும் இருப்பதால், பின்னொரு நாள் நல்ல சோடி வாங்கும்போது அதே கருவி தொடர்ந்து உதவும்.

நிறுத்தும் முறை: எல்லாவற்றையும் தீர்மானிக்கும் படி

நான்கு முறைகள் தெரிந்தால் போதும். ஒவ்வொன்றும் ஒலிவாங்கியிடம் வேறு குணத்தைக் கேட்கிறது.

முதலாவது எக்ஸ்-வை. இரண்டு கார்டியாயிட் ஒலிவாங்கிகளின் தலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக, 90 பாகையில் குறுக்காக நிற்கும். ஒலி இரண்டையும் ஒரே கணத்தில் அடைவதால் மோனோவில் (இரண்டு பக்கமும் ஒன்றாகக் கலந்த ஒற்றை ஒலியில்) கேட்டாலும் கெடாது. விரிவு குறைவு, பாதுகாப்பு அதிகம். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இரண்டு மைக்குகளில் எதுவுமே கிற்றாரை நேராகப் பார்ப்பதில்லை. நடுவில் இருக்கும் கிற்றார் இரண்டுக்குமே 45 பாகை பக்கவாட்டில் இருக்கிறது. அதாவது நீங்கள் பதிவது ஒலிவாங்கியின் முகத்தை அல்ல, அதன் தோளை. முன்னால் இனிமையாகவும் பக்கவாட்டில் மங்கலாகவும் கேட்கும் மைக் இங்கே தோற்றுவிடும். சிறிய சவ்வுள்ள (சவ்வு என்பது ஒலிபட்டு அதிரும் மென்தகடு), பென்சில் போன்று மெலிந்த கண்டென்சர்கள் பக்கவாட்டு ஒலியைப் பெரிய சவ்வுள்ளவற்றைவிடச் சீராக வாங்குகின்றன. எனவே எக்ஸ்-வைக்கு அவைதான். இரண்டும் ஒத்த சோடியாக இருப்பதும் அவசியம். இல்லாவிட்டால் சில சுரங்கள் இடப்பக்கமும் சில வலப்பக்கமும் இழுபடும்.

இரண்டாவது ஓ.ஆர்.டி.எஃப். பிரான்ஸின் முன்னாள் அரச ஒலிபரப்பு நிறுவனத்தின் பெயரால் அழைக்கப்படுவது. தலைகள் 17 சென்ரிமீற்றர் இடைவெளியில், 110 பாகை விரிந்து வெளிநோக்கி நிற்கும். இடைவெளி கிட்டத்தட்ட நம் இரு காதுகளுக்கு இடையிலுள்ளது போன்றது. ஹெட்போனில் கேட்கும்போது இந்த முறை தரும் விரிவு எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் இங்கே கிற்றார் 55 பாகை பக்கவாட்டில் இருக்கிறது. ஒலிவாங்கியின் பக்கவாட்டுத் தரமும் சோடிப் பொருத்தமும் எக்ஸ்-வையைவிடவும் முக்கியமாகின்றன. இந்த முறைக்கு அரை மீற்றருக்கு மேல் தூரம் வேண்டும். அவ்வளவு தள்ளி வைத்தால் அறையும் பதிவாகும். சிறிய மொட்டைச் சுவர் அறை உள்ளவர்கள் இதை நாட வேண்டாம்.

மூன்றாவது, இடைவெளிச் சோடி. வீட்டில் பதிபவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். ஒன்று 12 ஆம் ஃபிரெட்டுக்கு எதிரே, சுமார் 25 முதல் 30 சென்ரிமீற்றர் தூரத்தில், துளைப் பக்கம் இலேசாகத் திரும்பியிருக்கும். மற்றது பாலத்துக்குப் பின்னால் உள்ள அகன்ற வயிற்றுப் பகுதிக்கு எதிரே, ஏறத்தாழ அதே தூரத்தில். முதலாவது கம்பியின் தெளிவையும் விரலின் உரசலையும் தரும். இரண்டாவது மரத்தின் கனத்தைத் தரும். ஒவ்வொரு மைக்கும் தன் பகுதியை நேராகப் பார்ப்பதாலும், இரண்டும் எப்படியும் வெவ்வேறு நிறத்தைப் பதிவதாலும், இங்கே ஒத்த சோடி கட்டாயமில்லை. ஏற்கெனவே கையிலிருக்கும் ஓடியோ-டெக்னிக்கா ஏ.டி.2020 போன்ற பெரிய சவ்வு மைக் ஒன்றுக்குத் துணையாகச் சிறிய கண்டென்சர் ஒன்றை மட்டும் வாங்கினாலும் போதும். மோனோவில் சில ஒலிகள் காணாமற்போவதுதான் ஆபத்து. அதைக் கீழே பார்ப்போம்.

எந்த முறையிலும் ஒலித்துளைக்கு நேரெதிரே மைக்கை வைக்காதீர்கள். பெட்டிக்குள் இருக்கும் காற்று சுமார் 100 ஹேர்ட்ஸ் பக்கத்தில் அதிர்ந்து வெளியே தள்ளும் இடம் அது. கிற்றாரின் தடித்த கம்பி 82 ஹேர்ட்ஸ். இரண்டும் சேர்ந்து குமுறும். கார்டியாயிட் மைக்கைக் கிட்டக் கொண்டுபோகும்போது அடியொலி தானாகவே பெருக்குமாதலால் குமுறல் இரட்டிப்பாகும்.

நான்காவது நடு-பக்க முறை. நடுவில் ஒரு கார்டியாயிட் கிற்றாரை நேராகப் பார்க்கும். அதனோடு ஒட்டி, எட்டு வடிவத்தில் இரு பக்கமும் கேட்கும் ஒலிவாங்கி ஒன்று. பக்கப் பதிவை நகலெடுத்துத் துருவத்தைப் புரட்டி (ஒலியலையைத் தலைகீழாக்கி) இடம், வலமாக வைத்துக் கூட்டினால் ஸ்டீரியோ வரும். பதிந்த பிறகும் விரிவைக் கூட்டவோ குறைக்கவோ முடியும், மோனோவில் பக்கம் முழுவதும் கழிந்து நடு மட்டும் சுத்தமாக நிற்கும். எட்டு வடிவம் தரும் ஒலிவாங்கிகளில் ஏ.டி.2050, பெரிங்கர் பி-2 புரோ ஆகியவை கட்டுப்படியாகும் பக்கம் இருப்பவை. ஆனால் பக்க மைக் அறையை மட்டுமே கேட்கிறது. அறை நன்றாக இல்லையென்றால் இந்த முறையால் பயனில்லை.

விபரத்தாளில் பார்க்க வேண்டியவை

அதிர்வெண் வரைபடத்தை ஆராய்ந்து நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். மூன்றைப் பாருங்கள்.

ஒன்று, சுய இரைச்சல். மைக் தானாக உண்டாக்கும் ‘ஸ்ஸ்’ என்ற சத்தம். ரோட் என்.டி.5-க்கு 16 டெசிபெல், ஏ.டி.2020-க்கு 20, பெரிய சவ்வுள்ள ரோட் என்.டி.1-ஏ-க்கு 5. எண் சிறிதானால் நல்லது. இருந்தாலும் நம் ஊர் இரவின் அமைதி இந்த எண்களைவிட உரத்தது. 16-க்கும் 20-க்கும் உள்ள வேறுபாட்டுக்காகக் கடன் வாங்காதீர்கள். 20-ஐத் தாண்டும்போதுதான் மென்மையான விரல் வாசிப்பில் தொல்லை தொடங்கும்.

இரண்டு, உணர்திறன். ஒரே அளவு ஒலிக்கு மைக் எவ்வளவு மின்னழுத்தம் தருகிறது என்பது. என்.டி.5-க்கு ஒரு பஸ்காலுக்கு சுமார் 12 மில்லிவோல்ட், பேன்டம் மின்சாரம் தேவைப்படாத டைனமிக் வகையான ஷூர் எஸ்.எம்.57-க்கு 1.6 மில்லிவோல்ட். இந்த வித்தியாசத்தை ஈடுசெய்ய முன்பெருக்கியை ஏறத்தாழ 17 டெசிபெல் கூடுதலாகத் திருக வேண்டும். மலிவான இன்டர்பேஸ் அந்த உயரத்தில் இரையத் தொடங்கும். எஸ்.எம்.57 1965 முதல் மேடைகளில் நிலைத்திருக்கும் கருவி. அறைச் சத்தம் மிகுந்த வீட்டில் கம்பிகளைப் பலமாக உரசி வாசிப்பவருக்கு அது மோசமில்லை. மெல்ல மீட்டுபவர் வாங்க வேண்டாம்.

மூன்று, கேட்கும் வடிவம். கார்டியாயிட் போதும்.

எதை வாங்கலாம்?

அடித்தட்டில் பெரிங்கர் சி-2. சோடியாகவே விற்பது, இரண்டையும் ஒரே தாங்கியில் பொருத்தும் சட்டமும் பெட்டியும் கூட வரும். உச்ச ஒலிகளில் கொஞ்சம் கூர்மை. பழைய கம்பிகளில் அதை மறைக்கலாம், புதுக் கம்பியில் காதைக் குத்தும். கற்றுக்கொள்ள நல்லது.

அதற்கு அடுத்த படியில் ரோட் எம்5, லூயிட் எல்.சி.டி.040 மேட்ச் ஆகிய இரண்டும் ஒத்த சோடிகளாகக் கிடைக்கின்றன. முதன்முறையாக எக்ஸ்-வையில் பதிய நினைப்பவருக்கு என் தெரிவு இந்தத் தட்டுத்தான். ஒருமுறை செலவழித்துவிட்டால் பல ஆண்டுகள் மாற்றத் தோன்றாது.

இன்னும் கொஞ்சம் முடிந்தவர்களுக்கு ரோட் என்.டி.5, சுவீடனில் செய்யப்படும் லைன் ஆடியோ சி.எம்.4, ரஷ்யாவின் ஒக்டாவா எம்.கே.012. இவற்றுள் சி.எம்.4 அகன்ற கார்டியாயிட். கிட்ட வைத்தாலும் அடியொலி அதிகம் வீங்காது, பக்கவாட்டு ஒலியும் இயல்பாகவே வரும். கிற்றாருக்கென்றே செய்தது போலிருக்கும். அறைச் சத்தத்தை அதிகம் உள்ளே விடுவதுதான் அதன் குறை.

இணையச் சந்தைத் தளங்களில் மிக மலிவாகக் கிடைக்கும் பி.எம்.800 என்ற பெயர் கொண்ட மைக்கை, 3.5 மில்லிமீற்றர் கேபிளோடு, இரண்டு வாங்கினால் ஸ்டீரியோ ஆகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: வேண்டாம். ஒரே பெயரில் வரும் இரண்டுக்குள் ஒரே உறுப்புகள் இருக்கும் என்பதற்கே உத்தரவாதம் இல்லை.

எங்கே, எப்படி வாங்குவது

யாழ்ப்பாண நகரக் கடைகளில் மேடை மைக்குகள் தாராளம், பென்சில் கண்டென்சர் சோடி அரிது. கொழும்பில் சொல்லி எடுப்பிப்பது ஒரு வழி. ரொறன்ரோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ விடுமுறைக்கு வரும் உறவினர் கையில் கொண்டுவருவது நம்மவர்களுக்குப் பழகிய வழி. சோடியாக ஒரே பெட்டியில் வாங்கச் சொல்லுங்கள். ஒன்றை இந்த ஆண்டும் மற்றதை அடுத்த ஆண்டும் எடுத்தால் பொருத்தம் போய்விடும். பற்றுச்சீட்டையும் கேட்டு வாங்கி வையுங்கள், உத்தரவாதம் பெரும்பாலும் வாங்கிய நாட்டில்தான் செல்லும்.

எஸ்.எம்.57-க்குப் போலிகள் உலகெங்கும் உண்டு. விலை நம்ப முடியாத அளவு குறைந்திருந்தால் நம்பாதீர்கள்.

பணத்தை ஒதுக்கும்போது இரண்டு தாங்கிகள், இரண்டு எக்ஸ்.எல்.ஆர். கேபிள்கள், மூடிய வகை ஹெட்போன் ஆகியவற்றுக்கும் இடம் விடுங்கள். சரிந்துவிழும் தாங்கி நல்ல மைக்கைக் கொன்றுவிடும்.

வந்ததும் சோதியுங்கள்

இரண்டு ஒலிவாங்கிகளையும் தலையோடு தலை ஒட்டி, ஒரே திசையில் நிறுத்துங்கள். ஒரு மீற்றர் தள்ளிக் கிற்றாரை வாசித்துப் பதியுங்கள். மென்பொருளில் இரண்டு தடங்களின் அளவையும் சமமாக்கி, இரண்டையும் நடுவில் வைத்து, ஒன்றின் துருவத்தைப் புரட்டுங்கள். ஒத்த சோடி என்றால் அடியொலியும் நடுவொலியும் கிட்டத்தட்ட மறைந்து, மேலே மெல்லிய சலசலப்பு மட்டும் மிஞ்சும். கணிசமான இசை மிஞ்சினால் பொருத்தம் சரியில்லை. துருவத்தைப் புரட்டும்போது ஒலி கூடினால் ஒரு கேபிளில் கம்பிகள் மாறிப் பற்றவைக்கப்பட்டிருக்கின்றன. கேபிளை மாற்றிப் பாருங்கள்.

பிறகு அமைதியான அறையில் ஒன்றும் வாசிக்காமல் சிறிது நேரம் பதிந்து, பெருக்கிக் கேளுங்கள். சீரான இரைச்சல் இயல்பு. இடையிடையே படபடவென வெடித்தால் உள்ளே ஈரம் புகுந்திருக்கிறது. பழையது வாங்கும்போது இந்தச் சோதனையைத் தவறவிட வேண்டாம். ‘ம்ம்ம்’ என்ற தாழ்ந்த ரீங்காரம் வந்தால் அது 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தின் குரல். மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிவிட்டு மின்கலத்தில் ஓட்டிப் பாருங்கள், பெரும்பாலும் அதோடு தீரும்.

பதிவு

மென்பொருளில் பதிவுத் தரத்தை 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸ் என்று வையுங்கள். நீங்கள் வாசிக்கும் மிக உரத்த பகுதி மென்பொருளின் அளவுமானியில் மைனஸ் 12 டெசிபெல் அருகே நிற்குமாறு முன்பெருக்கியைத் திருகுங்கள், அதற்கு மேல் வேண்டாம். கிரீச்சிடாத கதிரையில் அமருங்கள். சட்டைப் பொத்தான் கிற்றாரின் முதுகில் உரசுவதும் பதிவாகும்.

இடைவெளிச் சோடி என்றால் ஒரு நூலை எடுத்துப் பாலத்திலிருந்து ஒவ்வொரு மைக்கின் தலைக்கும் உள்ள தூரத்தைச் சமமாக்குங்கள். இதற்கான காரணம் எளிது. ஒரு மைக்குக்கு ஒலி 17 சென்ரிமீற்றர் கூடுதலாகப் பயணித்தால் அரை மில்லிசெக்கன் பிந்தும். மோனோவில் இரண்டையும் கூட்டும்போது 1,000 ஹேர்ட்ஸ் பக்கத்தில் ஒன்றையொன்று தின்றுவிடும். கிற்றாரின் பேச்சு இருப்பதே அந்தப் பக்கத்தில்தான்.

எனவே முழுப் பாட்டையும் வாசிப்பதற்கு முன் சிறு துண்டொன்றைப் பதிந்து, மோனோ பொத்தானை அழுத்திக் கேளுங்கள். உங்கள் பதிவைக் கேட்கப்போகிறவர்களில் பலர் கைபேசியின் சிறிய ஒலிபெருக்கியில்தான் கேட்பார்கள். ஒலி மெலிந்து, குழாய்க்குள்ளிருந்து வருவது போல் ஆனால், இரண்டாவது மைக்கை ஒரு விரலளவு முன்னோ பின்னோ நகர்த்தி மறுபடி கேளுங்கள். துருவத்தையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். எந்த நிலையில் அடியொலி நிறைந்து வருகிறதோ அதுவே சரி. தாங்கிக் கால்கள் இருந்த இடத்தைத் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் குறித்துவிட்டால் அடுத்த இரவு தேட வேண்டியதில்லை.

கலக்கும்போது இடைவெளிச் சோடியை முழு இடம், முழு வலம் என்று தள்ளாதீர்கள். குரலும் சேரும் பாடலில் பாதியளவு விரித்தாலே அகலம் கிடைக்கும். முழு விரிவைத் தனி வாசிப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பாதுகாப்பு

கண்டென்சரின் எதிரி நம் காற்றிலுள்ள ஈரம், கடலோரமென்றால் உப்பும் சேர்ந்தது. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் மைக்கைத் தாங்கியிலேயே விட்டுவிட்டுத் தூங்கப்போகாதீர்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொதிகளோடு மூடி வையுங்கள். நிறம் மாறும் வகைப் பொதி கிடைத்தால் நல்லது, ஈரம் ஏறியதைக் கண்ணால் பார்க்கலாம். குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே எடுத்தவுடன் பேன்டம் மின்சாரத்தைப் போடாமல், மைக் அறையின் சூட்டுக்கு வரும்வரை பொறுங்கள். கழற்றும்போது முதலில் மின்சாரத்தை நிறுத்தி, சற்றுக் காத்திருந்து, பிறகு கேபிளைப் பிடுங்குங்கள்.